அதே உலகம், வேறு ஆள்

எல்டன் ரிங் என்ற திறந்த உலக வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. ஒரு முறை முடித்த பலரும் அடுத்த கேமுக்குப் போய்விட்டார்கள். நான் முடித்த கையோடு புதுக் கேரக்டர் ஒன்றை உருவாக்கி மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று. “அதே மேப்பு, அதே பாஸ், அதே கதை. சலிக்கலையாடா உனக்கு?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். சலித்ததும் உண்டுதான். சில கேரக்டர்களைப் பாதியிலேயே விட்டிருக்கிறேன், சிலரோடு கடைசி வரை போயிருக்கிறேன். எது ஏன் சலித்தது என்று யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. கையில் இருக்கும் ஆயுதம் மட்டும் மாறினால் போதாது, போகிற வழியும் மாற வேண்டும். வழியை மாற்றாத பில்ட் (ஒரு கேரக்டருக்காகத் தேர்ந்தெடுக்கும் ஆயுதமும் திறன் புள்ளிகளும் சேர்ந்த கலவை) எல்லாம் எனக்கு லியுர்னியா ஏரிக்கு வருவதற்குள் கசந்துவிட்டது.

இதற்கு நல்ல உதாரணம், ஆட்டம் தொடங்கும் லிம்கிரேவ் பகுதியில் இருக்கும் அந்த ஏமாற்றுப் பெட்டி. டிராகன்-பர்ன்ட் ரூயின்ஸ் என்ற இடிபாட்டுக்கு அடியில் ஒரு நிலவறை, அதில் ஒரு பெட்டி. ஆசையாகத் திறந்தால் புகை கிளம்பி நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் கெய்லிட் என்ற ஆபத்தான பகுதியில் உள்ள செல்லியா சுரங்கத்துக்குள் போட்டுவிடும். வெளியே வரும் வரை வேறு இடத்துக்கு உடனே தாவும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. முதல் முறை ஆடுகிறவருக்கு அது வெறும் திகில். கெய்லிடில் எதைத் தொட்டாலும் ஒரே அடியில் சாவு.

ஆனால் அஸ்ட்ராலஜர் கிளாஸில் (தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் கேரக்டர் வகை) ஒரு மந்திரவாதியைத் தொடங்கினால் அதே பெட்டிதான் இலவச வண்டி. முதலில் வழித்துணையாக வரும் மெலினாவிடம் குதிரையை வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே போய் அந்தப் பெட்டியைத் திறக்கலாம். சுரங்கத்திலிருந்து எப்படியாவது வெளியே ஓடி வந்து குதிரையில் ஏறினால், ஏயோனியா சதுப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடு தூரமில்லை. அங்கே மெட்டியோரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக் கோல் கிடைக்கும். அதை மேம்படுத்த முடியாது, ஆனால் மந்திரத்துக்கான இன்டெலிஜன்ஸ் புள்ளி ஏற ஏறப் பலம் கூட்டும் ஸ்கேலிங் ஆரம்பத்திலேயே உச்சத் தரமான எஸ். அதே இடிபாட்டின் நிலவறையில் ராக் ஸ்லிங் மந்திரமும் இருக்கிறது. பூமியைப் பிளந்து மூன்று பாறைகளைக் கிளப்பி எதிரி மேல் வீசும் மந்திரம் அது. அந்தக் கோல் இந்த வகை மந்திரத்துக்குத் தனியாகக் கூடுதல் பலம் வேறு தரும். இரண்டுக்கும் தேவை இன்டெலிஜன்ஸ் 18. அஸ்ட்ராலஜர் தொடங்குவதே 16-இல். ஆக, பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவனைக்கூடத் தொடாமல், எதிரிகளைக் கண்டு ஓடி ஓடியே ஆட்டத்தின் பாதி வரை தாங்கும் ஆயுதத்தோடு திரும்பி வந்துவிடலாம்.

முதல் முறை வாள் வீரனாக ஆடியபோது அந்தச் சதுப்பை நான் கடைசிக் காலத்தில்தான் மிதித்தேன். மந்திரவாதிக்கு அது முதல் மணி நேரத்து வேலை. மேப் மாறவே இல்லை, ஆனால் எது பக்கம், எது தூரம் என்ற கணக்கு மொத்தமாகப் புரண்டுவிட்டது. ஒரு பில்ட் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் இப்போது வைத்திருக்கும் முதல் சோதனை இதுதான்: இந்த ஆளுக்காக, போன தடவை போகாத இடத்துக்கு முதலில் போக வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பில்ட் வேறு சட்டை போட்ட பழைய ஆள்தான்.

டிராகன் பில்ட் இந்தச் சோதனையில் இன்னும் நன்றாகத் தேறும். டிராகன் கம்யூனியன் மந்திரங்கள் வேண்டுமென்றால் டிராகன் இதயம் வேண்டும், இதயம் வேண்டுமென்றால் டிராகனைக் கொல்ல வேண்டும். மற்ற எல்லாக் கேரக்டர்களிலும் ஏரியில் அகீல் என்ற டிராகன் இறங்கி வந்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடுவோம். இந்த ஆளுக்கு அதுதான் வருமானம். லிம்கிரேவில் அகீல், லியுர்னியாவில் ஸ்மராக், கெய்லிடில் கிரேய்ல் என்று மேப் முழுக்க டிராகன் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். அதற்கு ஃபெய்த், ஆர்கேன் என்ற இரண்டு திறன்களையும் ஏற்ற வேண்டும் என்பதால் நடுப்பகுதி வரை அந்த ஆள் பரிதாபமாகத்தான் இருப்பான். அடியும் பெரிசாக விழாது, உயிரும் நிற்காது. டிராகன் தலையாக மாறித் தீ கக்கும்போது மட்டும் எல்லாம் சரியாகிவிடும். இதயம் சாப்பிடச் சாப்பிடக் கேரக்டரின் கண்களே மாறிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் கவனித்தேன்.

இனி சண்டை. மார்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் அவன்தான் பெரும்பாலானவர்களுக்கு முதல் சுவர். கைத்தடியை ஓங்குவான், ஓங்கிய கையை அப்படியே நிறுத்துவான், நாம் பயந்து உருண்டு முடித்த பிறகுதான் இறக்குவான். தள்ளிப்போய் உயிர் ஏற்றும் குடுவையை எடுத்துக் குடித்தால் அந்த நொடியே தங்கக் கத்தி ஒன்று பறந்து வரும். வாள் வீரனாக ஆடும்போது இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நிறுத்தத்தின் நீளம். எங்கே உருளக் கூடாது என்பதைக் கை கற்றுக்கொள்ள வேண்டும்.

மந்திரவாதிக்கு அவன் வேறு ஆள். தூரத்தில் நின்றால் அந்த ஓங்கலெல்லாம் காற்றில்தான் விழும், ஆனால் கத்தி வீச்சு விடாமல் வரும். உயிர் அளவைத் தீர்மானிக்கும் விகர் அஸ்ட்ராலஜருக்குத் தொடக்கத்தில் 9 மட்டுமே என்பதால் இரண்டு கத்தி, மேலே ஒரு தாவல் என்றால் கதை முடிந்தது. இங்கே கற்க வேண்டியது மந்திரம் சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆகும், அதற்குள் அவன் எத்தனை அடி நெருங்குவான் என்பது. பெரிய வாளோடு போகும் ஆளுக்கு மூன்றாவது பாடம். குதித்து அடிக்கும் கனமான அடி ஒவ்வொன்றும் அவன் நிலையைக் குலைக்கும். சில அடி சரியாக விழுந்தால் அவன் மண்டியிடுவான், அப்போது முன்னால் போய் ஒரே குத்து. ஆக அந்த ஆள் தேட வேண்டியது குதிக்க இடைவெளி எங்கே என்பதை. ஒரே பாஸிடம் மூன்று பேர் மூன்று பாடம் படிக்கிறார்கள். திரும்ப ஆடுவதில் எனக்குக் கிடைக்கும் சுகத்தில் பாதி இதில்தான்.

சரி, கொஞ்சம் கணக்கு. எந்தப் பில்டாக இருந்தாலும் முதலில் உயிர். விகர் 40-இல் உயிர் அளவு 1450, 60-இல் 1900. அதற்கு மேல் 99 வரை கொட்டினாலும் 2100-தான். அதாவது கடைசி 39 புள்ளிகளுக்குக் கிடைப்பது வெறும் 200. அடி பலமாகவும் உயிர் குறைவாகவும் இருக்கும் “கண்ணாடி பீரங்கி” பில்ட் போடுகிறேன் என்று விகரை 15-இல் விட்டுவிட்டுத் தலைநகரான லெயின்டெல் போய் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வீடியோவில் அப்படி ஆடுகிறவருக்கு ஒவ்வொரு எதிரியின் அசைவும் மனப்பாடம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் தலைப்பில் “ஒரே அடியில் காலி” என்று போட்ட வீடியோ என்றால் எனக்கு ஒரு சந்தேகம்தான். அந்த ஒரே அடிக்கு முன்னால் நாலு தாயத்து, இரண்டு மந்திரம், ஒரு ஃபிளாஸ்க் என்று நீண்ட சடங்கு நடந்திருக்கும். பாஸ் அதுவரை மரியாதையாகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆரம்பத்தில் லெவலைவிட ஆயுதத்தை மேம்படுத்துவதுதான் அதிகம் தரும். ஸ்ட்ரெங்த்தில் இரண்டு மூன்று புள்ளி ஏற்றினால் அடி லேசாகத்தான் கூடும். அதே ரூன்களையும் (லெவல் ஏற்றவும் பொருள் வாங்கவும் செலவழிப்பது) சில ஸ்மித்திங் கல்லையும் ஆயுதத்தில் போட்டால் உடனே தெரியும். சாதாரண ஆயுதம் +25 வரை போகும், சோம்பர் கல் கேட்கும் சிறப்பு ஆயுதம் +10 வரை. கல்லைப் பொறுக்கிக்கொண்டு திரிவதைவிட கடையில் புதுச் சரக்கைத் திறந்துவிடும் பெல் பேரிங்கைப் பிடிப்பது புத்திசாலித்தனம். ராயா லுகாரியா கிறிஸ்டல் சுரங்கத்தின் பாஸை வீழ்த்தினால் ஸ்மித்திங் கல்லுக்கான முதல் பெல் பேரிங் கிடைக்கும், செல்லியா சுரங்கத்தின் பாஸிடம் சோம்பர் கல்லுக்கானது. அவற்றை ரவுண்ட்டேபிள் என்ற தங்குமிடத்தில் இருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் கொடுத்தால் கல்லைக் காசுக்கு வாங்கலாம். இரண்டாவது கேரக்டரிலிருந்து நான் இந்த வேலையை எந்தப் பெரிய பாஸுக்கும் முன்னால் வைத்துவிடுவேன். ஏனென்றால் ஆயுதத்தை மாற்றிப் பார்க்கும் சுதந்திரம் அங்கிருந்துதான் வருகிறது. கல் தட்டுப்பாடு இருக்கும் வரை கையில் இருக்கும் ஒரே வாளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

மூன்றாவது, இரண்டு கையாலும் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். கெய்லிடில் ஒரு வண்டியின் பெட்டிக்குள் கிடைக்கும் கிரேட்ஸ்வார்டுக்கு 31 ஸ்ட்ரெங்த் வேண்டும் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 21 இருந்தாலே இரண்டு கையால் தூக்கிவிடலாம். இதே கணக்கால்தான் ஸ்ட்ரெங்த்தை 54-இல் நிறுத்தும் வழக்கம் வந்தது. 54 ஒன்றரை மடங்கானால் 81, அதற்கு மேல் பலன் மெலிந்துவிடும். மிச்சப் புள்ளிகள் எடை தாங்கும் எண்டியூரன்ஸுக்கும் விகருக்கும். சுமக்கும் எடையைத் தாங்கும் அளவில் 70 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தாண்டினால் உருளல் மூட்டை உருளுவது போல ஆகிவிடும். 30-க்குள் வைத்தால் சுறுசுறுப்பான உருளல், ஆனால் கவசம் என்று பெரிதாக எதுவும் போட முடியாது.

இவ்வளவு சொன்னாலும் கணக்கு என்பது நடுப்பகுதிக்கு மேல்தான் முக்கியம். எந்தக் கிளாஸில் தொடங்கினீர்கள் என்பது கடைசியில் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் கரைந்துபோகும். ரெச் கிளாஸில் எல்லாமே 10, கையில் ஒரு தடி, உடம்பில் துணியே இல்லை, லெவல் 1. அதிலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முதல் முறை ஆடும் யாருக்கும் நான் பில்ட் கைடு பார்க்கச் சொல்வதில்லை. சாமுராயோ வேகபாண்டோ எடுத்துக்கொண்டு கண்ணுக்குப் பிடித்த ஆயுதத்தைப் பிடித்தால் போதும். பில்ட் என்ற யோசனையே இரண்டாவது ஆட்டத்துக்கு உரியது.

ரெஸ்பெக் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ராயா லுகாரியாவில் ரெனாலாவை வென்றபின் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளை எல்லாம் கலைத்து மறுபடி போடலாம். அதுவும் ஒரு ஆட்டத்தில் அளவாகத்தான் கிடைக்கும். சோதித்துப் பார்க்க அருமையான வசதி. புது ஆயுதம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ரெஸ்பெக் செய்து பிறந்த மந்திரவாதி மந்திரவாதியாக வளர்ந்தவன் இல்லை. அவன் கையில் முதல் நாளிலேயே பெரிய மந்திரம், விகர் 50, ஃபிளாஸ்க் நிறைய. கத்திக்குப் பயந்து நாலு அடி பின்வாங்கிச் சின்னக் கூழாங்கல் மந்திரத்தைச் சுட்ட காலம் அவனுக்கு இல்லை. அந்த வறுமைக் காலம்தான் ஒரு பில்டின் குணத்தைக் காட்டுகிறது. எல்லாம் கிடைத்தபின் எல்லாப் பில்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலிமைசாலிதான்.

முடித்த கேரக்டரோடு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் நியூ கேம் பிளஸ்ஸும் எனக்கு அதனால்தான் அவ்வளவு ஒட்டவில்லை. ஆயுதம், லெவல், மந்திரம் எல்லாம் கூடவே வரும், எதிரிகள் மட்டும் தடித்துக்கொண்டே போவார்கள், ஏழாவது சுற்று வரை. வேறு முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் அது நல்ல வழி. ரான்னி என்ற பாத்திரத்தின் கிளைக்கதையை ஒரு சுற்றில் தவறவிட்டவர் அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். ஆனால் திறந்த உலக கேமில் பெட்டிகள்தான் சந்தோஷம். குகை முழுக்கச் சண்டை போட்டு முடித்துத் திறந்தால், ஏற்கெனவே என்னிடம் இருக்கும் தாயத்து. யாருக்கு வேண்டும்? புதுக் கேரக்டரில் அதே தாயத்து சாமானியமான பொருள் கிடையாது. ஆக, புது முடிவு வேண்டுமென்றால் நியூ கேம் பிளஸ், புது ஆட்டம் வேண்டுமென்றால் புது ஆள். கேரக்டருக்குப் பத்து இடம் கொடுத்திருக்கிறார்கள், பயன்படுத்துங்கள்.

லெவலுக்கும் ஒரு எல்லை வேண்டும். ஒருவருக்கொருவர் மோதி ஆடுகிறவர்கள் 125 அல்லது 150 லெவலில் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. சரியான எதிராளி கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்தது அது. தனியாக ஆடுகிறவருக்கும் அது நல்லது என்பேன். உச்ச லெவல் 713. அங்கே எட்டு ஸ்டாட்டும் 99 ஆகிவிடும். அந்த நிலையில் மந்திரவாதி, வீரன், பூசாரி என்று யாரும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். 125-இல் நிறுத்தினால் ஃபெய்த் வேண்டுமா, எடை தூக்கும் தெம்பு வேண்டுமா என்று ஒவ்வொரு புள்ளிக்கும் யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனைதான் பில்ட்.

இதே காரணத்தால்தான் ஸ்கைரிமில் என் கேரக்டர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே ஆளாகப் போய் முடிந்தார்கள். 2011-இல் வந்த அந்த கேமை ஆடியவர்களுக்கு இது தெரிந்த கதை. மந்திரவாதியாகத் தொடங்குவோம், கோடாரி வீரனாகத் தொடங்குவோம், கொஞ்ச நாளில் பதுங்கிக்கொண்டு வில்லால் அடிப்பவனாகவே நிற்போம். இது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஸ்கைரிமில் எதைச் செய்கிறோமோ அந்தத் திறமை வளரும். பதுங்கி வில் விட்டால் ஆரம்பத்திலேயே இரட்டை அடி, பதுங்கும் திறன் மரத்தில் டெட்லி எய்ம் எடுத்தால் மூன்று மடங்கு. தூரத்தில் ஒருவன் செத்து விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் சற்றுத் தேடிவிட்டு எல்லாம் பிரமை என்று திரும்பிப் போய்விடுவான். ஆபத்தில்லாத வழி அதிகம் பயன்படுகிறது, அதிகம் பயன்படுவது வளர்கிறது, வளர்ந்தது இன்னும் ஆபத்தில்லாமல் ஆகிறது. வேறு எந்தப் பக்கமும் கதவு மூடுவதில்லை. ஒரே ஆள் கம்பானியன்ஸ் என்ற வீரர் குழுவுக்கும் தலைவன், வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரிக்கும் தலைவன், திருடர் சங்கத்துக்கும் தலைவன். இவ்வளவு ஆன பிறகு இன்னொரு கேரக்டருக்கு என்ன மிச்சம்?

அந்த கேமில் நாமே கதவை மூடிக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொண்ட விதிகளில் சில வேலை செய்தன, சில வேலை செய்யவில்லை. “நல்லவனாக நடந்துகொள்வேன்” மாதிரி விதிக்கெல்லாம் ஒரு நாள்கூட ஆயுள் இல்லை. எது நல்லது என்று நாமே வளைத்துக்கொள்வோம். “வில்லைத் தொட மாட்டேன், குனிந்து நடக்கும் பட்டனையே அமுக்க மாட்டேன்” மாதிரி விதி நின்றது. ஒன்று மீறுகிறோம், இல்லை மீறவில்லை, நடுவில் சமாளிக்க இடமில்லை. இன்னொன்றும் நன்றாக நின்றது: ஒரு சங்கத்தில் மட்டும்தான் சேர வேண்டும். அதனால் ஒரு கேரக்டருக்கு உலகின் கால்வாசியே போதும், மிச்சம் அடுத்தவனுக்கு. குனியாமல் ஆடிய ஆளுக்கு ஒவ்வொரு குகையும் வாசலிலிருந்து சத்தத்தோடு தொடங்கும். கூட வரும் லிடியா அடிக்கடி முன்னால் ஓடிச் சாகப் பார்ப்பாள். அவளைக் காப்பாற்றுவதற்காகவே குணப்படுத்தும் மந்திரம் கற்றேன். முன்பு எந்தக் கேரக்டரிலும் நான் அந்த மரத்தைத் திறந்ததே இல்லை.

அதே வரிசையில் 2002-இல் வந்த மோரோவிண்ட் இந்த வேலையைத் தானே செய்தது. மூன்று பெரிய வீட்டாரில் ஒருவரோடு சேர்ந்தால் மற்ற இரண்டும் மூடிவிடும். சங்கத்தில் மேலே போக வேண்டுமென்றால் அந்தச் சங்கத்துக்குரிய திறமை குறிப்பிட்ட அளவு இருந்தாக வேண்டும், மந்திரம் தெரியாதவன் மந்திரவாதிகளுக்குத் தலைவனாக முடியாது. கூடவே, வாள் எதிரியின் உடம்பில் தெரிந்தே பட்டாலும் திறமை குறைவாக இருந்தால் “படவில்லை” என்று கேம் சொல்லும். இதனால் ஆரம்பத்தில் எலியிடம்கூடத் திணற வேண்டியிருக்கும். பொறுமையில்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபால்அவுட் நியூ வேகஸ் 2010-இல் வந்தது. அங்கே கதவு பேச்சில் இருக்கிறது. உரையாடலிலேயே எவ்வளவு திறமை வேண்டும் என்று எண்ணாகக் காட்டும். ஸ்பீச் 100 இருந்தால் கடைசியில் ஹூவர் அணையில் நிற்கும் படைத் தளபதி லீகேட் லேனியஸை ஒரு குண்டுகூடச் சுடாமல் பேசியே திருப்பி அனுப்பிவிடலாம். இன்டெலிஜன்ஸை அடிமட்டத்தில் வைத்தால் சில இடங்களில் நம் ஆள் பேசும் வசனமே மாறும், கேட்பவர்கள் முழிப்பார்கள். இரண்டு ஆட்டத்தில் இரண்டையும் செய்து பார்த்தால் அது ஒரே கேம் என்று நம்புவது கஷ்டம். துப்பாக்கி வகையை மாற்றி ஆடியதில் எனக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவே இல்லை.

அவுட்வர்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 2019-இல் வந்தது. லெவல் என்பதே கிடையாது. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி வராது. திறமைகளைக் காசு கொடுத்து ஆசான்களிடம் கற்க வேண்டும். பல ஆசான்களிடம் ஆழமான பாடம் படிக்க பிரேக்த்ரூ புள்ளி வேண்டும், அது ஒரு கேரக்டருக்கு மொத்தமே மூன்று. மூன்றைச் செலவழித்துவிட்டால் மற்ற ஆசான்களின் மேல்பாடம் நமக்கு இல்லை. மந்திரம் வேண்டுமென்றால் மலைக்குள் போய், உயிரிலும் தெம்பிலும் ஒரு பங்கை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துத்தான் மானா வாங்க முடியும். அங்கே நின்றுகொண்டு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று நான் யோசித்த நேரம், வேறு கேம்களில் ஒரு முழு லெவல் ஏற்றும் நேரத்தைவிட அதிகம். தோற்றாலும் பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. கொள்ளையர் முகாமில் கைதியாகவோ, யாரோ இழுத்துப்போட்ட குகையிலோ கண்விழிப்போம், ஆட்டம் அங்கிருந்து தொடரும். மூன்றே புள்ளிதான் என்பதால் இரண்டாவது கேரக்டருக்கான ஆசை முதல் ஆட்டத்தின் நடுவிலேயே வந்துவிடும்.

எல்டன் ரிங்குக்கே திரும்புவோம். ஒரே ஒரு தந்திரத்தின் மேல் நிற்கும் பில்ட் எங்கே சறுக்கும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. ரத்தம் வடியவைக்கும் பில்ட் ஆட்டம் முழுக்க ராஜா. ஒவ்வொரு முறை ரத்தம் தெறிக்கும்போதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு போகும் என்பதால் பெரிய பாஸ்களிடம் அது அமிர்தம். கடைசியில் வரும் எல்டன் பீஸ்டுக்கு மட்டும் ரத்தமே கிடையாது. ஃபெய்த் பில்ட் போட்டு, புனித அடி தரும் ஆயுதத்தை ஆசை ஆசையாக +10 ஆக்கி வைத்திருந்தால், கடைசி பாஸ்களான ரடகான், எல்டன் பீஸ்ட் இருவருக்கும் அந்த அடிதான் உறைக்கவே உறைக்காது. மலேனியா என்ற பாஸ் நம்மை அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் ஏறும், கேடயத்தில் பட்டாலும் ஏறும். சுவர் மாதிரி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவர்களுக்கு அந்தச் சண்டை நகரவே நகராது. அதனால் சாதாரண அடி மட்டும் தரும் இரண்டாவது ஆயுதம் ஒன்றை முக்கிய ஆயுதத்துக்கு ஓரிரு படி கீழே வைத்து மேம்படுத்திக்கொண்டே வாருங்கள். ஃபெய்த் ஆளாக இருந்தால் நெருப்பு மந்திரங்களையும் கைவிடாதீர்கள், ஆனால் எல்டன் பீஸ்டிடம் அதை நம்பிப் போக வேண்டாம், அங்கே நெருப்பும் பெரிதாக ஏறாது.

கேமைத் திருத்தும் பேட்ச் என்ற தொல்லையும் இருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த 1.03 பேட்சில் ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்ப் என்ற உறைபனித் தாக்குதல், நம் உருவத்திலேயே வந்து உதவும் மிமிக் டியர் ஆவி போன்றவற்றின் வலிமையைக் குறைத்தார்கள். அதையே நம்பி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் நிராயுதபாணி ஆனார்கள். அதனால் பழைய கைடு ஒன்றைப் படித்தால் அது எந்தத் தேதியில் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

புதுக் கேரக்டர் தொடங்கும் முன் இப்போதெல்லாம் மூன்று விஷயத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த ஆள் எதைத் தொடவே மாட்டான், முதலில் எங்கே போவான், எந்த இடத்தோடு நிறுத்தினால் முடித்ததாக ஒப்புக்கொள்வேன். மூன்றாவதுதான் பலருக்கு விட்டுப்போகும். எல்லாக் கேரக்டரையும் கடைசி பாஸ் வரை இழுத்துப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டிராகன் ஆளுக்கு நான் வைத்த எல்லை டிராகன் பட்டியல் முடிவது. அது முடிந்ததும் நிறுத்திவிட்டேன். ஹேலிக்ட்ரீ என்ற பெரிய மரத்தின் கிளைகளில் தொங்கித் தொங்கி இறங்கும் வேலை அவனுக்கு மிச்சம் என்று எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் நேரத்தை எடுக்கவே எடுக்காது, நாம் விட்டால் தவிர. சின்னக் கேட்டகோம்களில் (நிலத்தடிக் கல்லறைகள்) பெரும்பாலும் சண்டையில் துணைக்கு அழைக்கும் ஆவிகளை வலுப்படுத்தும் பூவும், ஏதோ ஒரு ஆவியும்தான் கிடைக்கும். ஆவியை அழைக்காத ஆளாக ஆடினால் அவற்றில் முக்கால்வாசியைத் தாண்டிப் போகலாம். அந்த ஒரே விதியால் என் ஸ்ட்ரெங்த் ஆள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் லெயின்டெல் போய்ச் சேர்ந்தான், ஆனால் வழியில் ஒவ்வொரு பாஸிடமும் நன்றாக அடி வாங்கிக்கொண்டு.

2024 ஜூனில் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதி வந்தபோது பல கேரக்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. உள்ளே போக ரடான், மோக் என்ற இரண்டு பாஸ்களை வீழ்த்தியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்திய ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். உள்ளே போனவர்களுக்கும் பழைய லெவல் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. அங்கே வலிமை ஸ்காடுட்ரீ துண்டுகளில் இருக்கிறது, ஆசியின் படி 20 வரை, அதற்கு 50 துண்டுகள் வேண்டும். 200 லெவல் ஆளும் துண்டு பொறுக்காமல் போனால் முதல் பெரிய பாஸிடமே தரையில்தான். எனக்கு இது பிடித்திருந்தது. லெவல் 125-இல் நிறுத்திய என் மந்திரவாதிக்கும், நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போன நண்பனின் ஆளுக்கும் முதல் சில மணி நேரத்தில் அதிக வித்தியாசம் தெரியவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று: பாஸைத் தேடாமல் முதல் நாள் முழுக்கக் குதிரையிலேயே சுற்றுங்கள். சிலுவைகள் இருக்கும் இடங்களில் துண்டு கிடைக்கும், சண்டையே இல்லாமல் நாலைந்து படி ஏறிவிடலாம். நண்பன் கேட்கவில்லை, நேராகக் கோட்டைக்குள் போனான். ராத்திரி போன் பண்ணி, “அந்தச் சிலுவை எங்கெல்லாம்டா இருக்கு?” என்று கேட்டான்.